பலகை முடிகிற இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. நான் தங்கியிருக்கிற அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு சண்டையிலிருந்து சுட்டது. அன்றைக்கு அவள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கற்பனை ஊருக்குக்கூட மதில் வேணுமாம்டா இவங்களுக்கு" என்று நின்றபடியே கத்தினாள். அத்தான், "முதல்ல உக்காரு" என்றார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைத் தேடினேன். கோபத்தில் மூச்சு வாங்குகிறவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காமல் பேனா தேடுகிற தம்பியை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இந்தக் கதையில் உங்களுக்குப் பிடிக்க வேண்டியது நான் இல்லை.

அக்காவின் தொழில் மாதிரி செய்வது. ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன் அது எப்படி இருக்கும் என்று அட்டையிலும் மரத்திலும் சிறிதாகச் செய்து காட்டுவார்கள் இல்லையா, அந்த வேலை. அவள் வேலை பார்க்கிற பட்டறைக்கு ஒரு அருங்காட்சியகத்திலிருந்து வேலை வந்திருந்தது. பழைய பயணக் குறிப்பு ஒன்றில் வரும் நகரத்தை மாதிரியாகச் செய்து தர வேண்டும். அந்த நகரம் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. குறிப்பை எழுதியவன் ஒரு வணிகன், போகாத ஊருக்கெல்லாம் போனதாக எழுதிய புளுகன். இந்த ஊரை அவனே இட்டுக்கட்டிவிட்டான் என்று படித்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. புத்தகம் முழுவதிலும் நகரத்துக்கு ஒரே ஒரு பத்திதான். அதை அப்படியே தருகிறேன்:

"அந்நகரின் வாயில் எது என்று வினவினேன். நீ நுழைந்த இடமே வாயில் என்றார்கள். தெருக்கள் கிணறுகளை நோக்கி வளைந்து செல்கின்றன. நேராகச் செல்லும் தெரு ஒன்றையும் நான் காணவில்லை. வீடுகளுக்குக் கதவுகள் உண்டு, தாழ்கள் இல்லை. மாடங்களில் மக்கள் அமர்ந்து உரக்கப் பேசுகிறார்கள். காவலர் எவரையும் காணவில்லை. அரசன் யார் என்று கேட்டேன், சிரித்தார்கள். புறப்பட்ட பின் நகரம் எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நெடுந்தூரம் வந்த பிறகும் யாரோ ஒருவர் வீட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தேன்."

இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஊர் கட்ட வேண்டும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மூன்றும் உருப்படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது: "பூட்டிய அறைக்குள் அவள் ஒரு நகரத்தைச் செய்துகொண்டிருந்தாள்."

நன்றாக இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் பட்டறைக் கதவு பகலெல்லாம் விரியத் திறந்திருக்கும். அந்தப் பசை நாற்றத்தில் கதவை அடைத்துக்கொண்டு வேலை செய்தால் மயங்கி விழ வேண்டியதுதான். தாழில்லாத ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன், முதல் வாக்கியத்திலேயே ஒருத்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். யாரும் கேட்காமல், என் கை தானாகச் செய்த வேலை அது.

இரண்டாவது: "வெகு காலத்துக்கு முன்னர், ஒரு வணிகன் தன் குதிரையை" (குதிரை வேண்டாம். குதிரை வந்தால் பின்னாலேயே அரண்மனை வரும்.)

மூன்றாவது: "அக்காவின் விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை" (விட்டுவிட்டேன். விரலில் தொடங்குகிற கதைகள் எல்லாம் கடைசியில் அந்த விரல் நடுங்குவதில் போய் முடியும். அக்காவின் விரல் நடுங்கி நான் பார்த்ததில்லை.)

யாரிடமாவது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஊரைக் கற்பனை செய் என்று சொல்லிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் முதலில் ஒரு பெரிய வாசலைச் செய்வார்கள். அடுத்து அதில் ஒரு காவல்காரனை நிறுத்துவார்கள். பிறகு அவனிடம் போய், என்னை உள்ளே விடலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஊரும் இவர்களுடையது, காவல்காரனும் இவர்கள் செய்தவன், இருந்தும் உள்ளே போக அனுமதி வேண்டியிருக்கிறது. இதில் நானும் அடக்கம் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

3

பட்டறை ஒரு பழைய சரக்குக் கிடங்கு. நடுவில் நீளமான மேசை, மூலையில் லேசர் வெட்டு இயந்திரம், சன்னல் ஓரமாகப் பெயின்ட் அடிக்கிற இடம். மாதிரி செய்கிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: வரைபடத்தில் இல்லாததைச் செய்யக் கூடாது, இருப்பதை விடக் கூடாது. வரைந்தவர் கதவு வைக்க மறந்திருந்தால் கதவில்லாமல்தான் மாதிரி போகும். இந்த வேலைக்கு வரைபடம் இல்லை, பத்திதான் இருந்தது. அக்கா பத்தியையே வரைபடமாக எடுத்துக்கொண்டாள். பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். வரி வரியாகச் செய்தாள்.

முதலில் கிணறுகளைப் பலகையில் குழித்தாள். பிறகு பருத்தி நூலை நனைத்து, கிணற்றுக்குக் கிணறு தொய்வாகப் போட்டாள். நூல் எப்படி வளைந்து விழுந்ததோ அதுதான் தெரு. பிடிக்காவிட்டால் நூலை எடுத்து மறுபடி போடுவாளே தவிர, கையால் வளைத்துவிட மாட்டாள். அரண்மனை இல்லை. அரசன் யார் என்று கேட்டதற்குச் சிரித்தார்கள் என்ற வரிக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். "பெரிய கட்டடமே எதுவும் இல்லல்ல, பாரு" என்றாள்.

சிக்கல் ஓரத்தில் வந்தது. எந்த மாதிரிக்கும் அடிப்பலகை உண்டு, பலகைக்கு ஓரம் உண்டு. நிஜ ஊரின் மாதிரியாக இருந்தால் ஓரத்தில் ஒரு சாலையோ ஆறோ ஓடும். ஒன்றும் இல்லாவிட்டால் பச்சைப் பொடியைத் தூவிப் புல்வெளியாக்கி முடித்துவிடுவார்கள். நகரம் எங்கே முடிந்தது என்று தெரியவில்லை என்று எழுதி வைத்திருப்பவனுக்கு எங்கே ஓரம் வைப்பது? அக்கா யோசித்து, ஓரத்து வீடுகளைப் பலகையோடு சேர்த்து அறுத்துவிட்டாள். பாதிப் படிக்கட்டு, பாதிக் கட்டில், மேசை மேல் பாதித் தட்டு. பலகை முடிந்தது, வீடு முடியவில்லை.

பட்டறை முதலாளி வந்து பார்த்தார். பட்டறையை ஒற்றை ஆளாக ஆரம்பித்தவர், கெட்ட மனிதர் இல்லை. வயதாகிவிட்டது, சீக்கிரம் ஒதுங்கிக்கொண்டு பட்டறைப் பொறுப்பை அக்காவிடம் விடப்போவதாக எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அக்காவும் அதை நம்பித்தான் இருந்தாள். வீட்டில் ஒன்றிரண்டு முறை, அந்த லேசர் இயந்திரத்தை எங்கே மாற்றிப் போடலாம் என்று தட்டில் விரலால் வரைந்துகூடக் காட்டியிருக்கிறாள். இந்தக் கதையில் அவள் கையைவிட்டுப் போகக்கூடியது அதுதான், மறந்துவிடாதீர்கள்.

"என்னம்மா இது, வீட்டை வெட்டி வெச்சிருக்கே?"

"பலகை முடிஞ்சிடுச்சு சார்."

"முடிஞ்சா வீட்டை உள்ள தள்ளி வை."

"தள்ளி வெச்சா ஊர் அங்க முடிஞ்சிடும். முடியலைன்னு எழுதியிருக்கே."

"மியூசியத்துல இருந்து ஓரம் சரியா இல்லைன்னு சொல்றாங்க. சுத்தி ஒரு மதில் போட்டுடு. பழைய ஊர்னா மதில் இருக்கும். பார்க்கிறவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியணும்ல?"

"பத்தியில மதில் இல்ல சார்."

"இல்லைன்னும் எழுதலையே அவன்."

"யானை இல்லைன்னும்தான் எழுதல."

முதலாளி சுவரில் ஒட்டியிருந்த பத்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "காவலர் எவரையும் காணவில்லைன்னு போட்டிருக்கான் பாரு. ஏன் காணல? எல்லாரும் மதில் மேல நின்னிருப்பாங்க. கீழ இருந்து பார்த்தா எப்படித் தெரியும்?" *

* அடிக்குறிப்பு: இந்த வாதத்தை நான் இட்டுக்கட்டவில்லை. இவ்வளவு நல்ல வாதம் எனக்கு வராது. இல்லாத மதிலுக்கு இருக்கிற ஆதாரம், காவல்காரர்கள் கண்ணில் படவில்லை என்பது! இதைக் கேட்ட பிறகுதான் அக்கா செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

4

இப்போது நான் செய்த காரியம்.

கதை என்றால் காரணம் வேண்டும் அல்லவா. ஒருத்தி மதில் வேண்டாம் என்று இவ்வளவு பிடிவாதமாக நின்றால் பின்னால் ஏதாவது இருந்தாக வேண்டும். எனவே எழுதினேன்:

"அவள் கணவன் வேலைக்குப் போகும்போது கதவை வெளிப்பக்கம் தாழிட்டுவிட்டுப் போவான். முதல் நாள் அவள் அதை மறதி என்று நினைத்தாள். இரண்டாவது நாள், பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஏறும் முன் அவன் மீசையின் ஒரு பக்கத்தை மட்டும் தடவிக்கொண்டு"

வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. காரணம், அத்தான் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். என் அறையில் மின்விசிறி சுற்றவில்லை என்று பார்க்க வந்தவர்.

"மாப்ளே, யாரு இது?"

"கதை அத்தான்."

"கதை சரி. இவன் பஸ் ஓட்டறானே."

"பஸ் ஓட்டறவங்க எவ்வளவோ பேர் இருக்காங்க."

"மீசைய ஒரு பக்கம் தடவறானே" என்றார் அத்தான், மீசையின் ஒரு பக்கத்தைத் தடவியபடி. பிறகு கையைக் கீழே இறக்கிக்கொண்டார். "நான் எப்பய்யா தாழ்ப்பாள் போட்டேன்? நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் ஒழுங்கா விழவே விழாது. அதைச் சரி பண்ணச் சொல்லி உங்கக்கா என்னைத் திட்டாத நாள் உண்டா? நாலு பேர் படிச்சா என்ன நினைப்பாங்க? டிப்போவுல ஒருத்தன் புத்தகம் படிக்கிறவன் இருக்கான்யா."

அவர் சத்தம் கேட்டு அக்கா வந்தாள். கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். படித்தாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பொண்ணுக்கு மதில் ஏன் பிடிக்கல?"

"அதான்க்கா, புருஷன் பூட்டி வெச்சதால..."

"புருஷன் நல்லவனா இருந்தா மதில் கட்டிடுவாளா?"

நான் மின்விசிறி சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன்.

"சொல்லுடா. எனக்கு ஒண்ணுமே நடக்கல. யாரும் என்னைப் பூட்டி வெக்கல, அடிக்கல. இதோ நிக்கறாரே, இவருக்கு ஈ அடிக்கவே கை வராது. மதில் வேண்டாம்னு சொல்றதுக்கு நான் எங்கயாவது அடிபட்டு வந்திருக்கணுமா? படிச்சேன். மதில் இல்லாத ஊர் நல்லா இருந்துச்சு. அதைச் செய்யணும்னு தோணுச்சு. இது ஒரு காரணமாப் படலையா உனக்கு?"

"படிக்கிறவங்க கேப்பாங்கக்கா."

"கேட்டா கேக்கட்டும். மதில் வேணும்கறவரை யாராவது கேட்டாங்களா? சின்ன வயசுல உங்களுக்கு என்ன சார் நடந்துச்சு, ஏன் இப்படி மதில் மதில்னு அலையறீங்கன்னு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றே எழுதுகிறேன், வேறு சொல் தேட நேரமில்லை. அந்தக் கணவனை அழித்தேன். மேலே இருக்கிற வரிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், எழுதுகிறவனின் கை எங்கெல்லாம் தாழ்ப்பாளைத் தேடிப் போகிறது என்று நீங்கள் பார்ப்பதற்காக. அத்தானுக்கு இதில் சம்மதம் இல்லை. டிப்போவில் புத்தகம் படிக்கிறவருக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: ஐயா, அவர் தங்கமான மனிதர்.

5

இந்த அத்தியாயத்தை விட்டுவிடலாமா என்று நிறைய யோசித்தேன். இதில் அக்கா தோற்கிறாள்.

அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் பட்டறைக்கு வந்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் துணிப்பை, அதிகம் பேசாத பெண்மணி. அன்று நானும் குறிப்பெடுக்கிற சாக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மாதிரியைச் சுற்றி வந்தார். குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுபோய்த் தெருக்களுக்குள் பார்த்தார். மாடங்களில் உட்கார்ந்து பேசுகிற மணியளவு மனிதர்களைப் பார்த்துச் சிரித்தார். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

பிறகு கேட்டார்: "தாழ் இல்லைங்கறது எங்க தெரியுது?"

"தாழ் செய்யவே இல்ல மேடம்."

"நீங்க சொல்றதால எனக்குத் தெரியுது. பார்க்க வர்றவங்களுக்கு? எல்லாக் கதவும் சாத்தித்தானே இருக்கு. சாத்தின கதவுக்குப் பின்னாடி தாழ் இருக்கா இல்லையான்னு யார் கண்டா?"

அக்கா குனிந்து பார்த்தாள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஊர் முழுக்க ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை.

இது அவர்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. மாதிரிகளில் கதவை யாரும் வெட்டித் திறப்பதில்லை. சுவர் அட்டையில் லேசரால் மெல்லிய கோடாகக் கீறிவிடுவார்கள், அதுதான் கதவு. பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான், மருத்துவமனைக்கும் அப்படித்தான். அக்காவின் கணினிக் கோப்பில் வீட்டுச் சுவர் என்றாலே கீறிய கதவோடுதான் வரும். மதிலுக்காக அத்தனை சண்டை போட்டவள், வீட்டுக்கு வீடு சாத்திய கதவை ஒட்டியிருக்கிறாள். பத்தியைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டே செய்திருக்கிறாள்.

காப்பாட்சியர் குத்திக்காட்டவில்லை. "உங்க முதலாளி ஓரத்துக்கு மதில் வரைஞ்சு அனுப்பியிருந்தார், அது நல்லா இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்க வர்ற இடம், ஊர்னா எதுவரைக்கும்னு அவங்களுக்குப் புரியணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அக்காவும் ஒன்றாக வீட்டுக்குத் திரும்பினோம். படியேறும்போது, "அந்தம்மா சொன்னது சரிடா" என்றாள். சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

(எதிராளியும் சரியாகப் பேச வேண்டும், அப்போதுதான் கதைக்கு எடை கூடும் என்று சொல்லித் தருவார்கள். நான் எடைக்காக இதை எழுதவில்லை. அந்த அம்மா நிஜமாகவே சரியாகப் பேசினார், எனக்கு அது பிடிக்கவேயில்லை.)

அடுத்த நாளிலிருந்து அக்கா கதவுகளைத் திறக்க ஆரம்பித்தாள். இயந்திரத்தால் முடியாது, வீடுகள் ஏற்கெனவே ஒட்டியாயிற்று. மெல்லிய பிளேடால் கீறலை ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் விட்டு, இடுக்கியால் மடித்தாள். கதவைத் திறந்தால் உள்ளே வெறும் அட்டை தெரிந்தது. ஆக, உள்ளே சுவருக்கு வண்ணம் பூச வேண்டும், தரை போட வேண்டும், நாற்காலி வைக்க வேண்டும். ஒரு கதவைத் திறந்தால் ஒரு வீட்டு வேலை வந்தது. சில கதவுகள் முழுக்கத் திறந்தன, சில ஒருக்களித்து. ஒரு வீட்டுக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு முக்காலி முட்டுக் கொடுத்திருந்தது. சலிப்பாக இல்லையா என்று கேட்டேன். "வாயை மூடிட்டு அந்த உப்புத்தாளை எடு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

6

மதில் வந்துவிட்டது. அக்காவிடம் சொல்லாமல், பட்டறையில் அவளோடு வேலை பார்க்கிற இன்னொரு பெண்ணிடம் முதலாளி செய்யச் சொல்லியிருந்தார். கல் கல்லாகக் கீறி, பாசி படிந்த மாதிரி வண்ணம் தட்டி, நாலு பக்கத்துக்கும் நாலு துண்டு. அருமையான வேலை என்று அக்காவே சொன்னாள். முதலாளி அதைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"நீயே ஒட்டும்மா. உன் கையால ஒட்டினாத்தான் ஓரம் சுத்தமா வரும். எனக்கு அப்புறம் இந்த இடத்தைப் பார்த்துக்கப் போறவ நீ. வாடிக்கைக்காரங்க கேக்கறதைச் செஞ்சு குடுக்கத் தெரியலைன்னா எப்படி உன்கிட்ட விடறது? நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள முடிச்சிடு."

இந்த இடத்தில் நின்றுகொண்டு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ. அவள் மதிலை ஒட்டுகிறாள். கடைசித் துண்டை ஒட்டும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் பசையில் விழுந்து (மன்னியுங்கள். பத்திரிகைகளுக்கு எழுதிப் பழகிய கை.)

முடிவு ஆ. அவள் மதிலை உடைத்து நொறுக்குகிறாள். இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அதைச் செஞ்சது என் கூட வேலை பார்க்கிற பொண்ணு. பத்து விரலும் வீங்கிப் போய்ச் செஞ்சிருக்கா. அவ வேலையை நான் எதுக்கு உடைக்கணும்? உடைச்சாத்தான் கோபம்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள்.

முடிவு இ. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நுழைந்த இடமே வாயில் என்று பத்தியில் இருக்கிறதல்லவா? அவள் மதிலை வாங்கிக்கொள்கிறாள். அதில் ஒரு வாயில் வெட்டுகிறாள். பக்கத்தில் இன்னொன்று. எங்கிருந்தும் நுழையலாம் என்பதால் வெட்டிக்கொண்டே போகிறாள். கடைசியில் மதிலில் வாயில்கள் மட்டுமே மிஞ்சுகின்றன, மதில் இல்லை. முதலாளியால் ஒன்றும் சொல்ல முடியாது. படித்து முடித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குடா. ரொம்ப புத்திசாலித்தனமா இருக்கு. அதனாலதான் வேண்டாம்."

"ஏன்க்கா?"

"இப்படிப் பண்ணா அவர் பேச்சைக் கேட்ட மாதிரியும் இருக்கும், கேக்காத மாதிரியும் இருக்கும். அவர் சிரிச்சிட்டு, கெட்டிக்காரிம்மா நீன்னு சொல்லிட்டுப் போயிடுவார். பொறுப்பையும் குடுத்துடுவார். எனக்கு கெட்டிக்காரிப் பட்டம் வேண்டாம். முடியாதுன்னு சொல்லணும். அது அவர் காதுல முடியாதுன்னே விழணும்."

மறுநாள் அப்படியேதான் சொன்னாள். நான் பக்கத்தில் இல்லை. அக்கா சொன்னதையும், பிறகு அந்த மதில் செய்த பெண் சொன்னதையும் சேர்த்துத் தருகிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

"ஒட்ட மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"அந்த ஊருக்கு மதில் கிடையாது."

"கற்பனை ஊர்தானேம்மா. அதுக்குப் போய் இவ்வளவு..."

"கற்பனை ஊர்லயே விடமாட்டீங்கன்னா வேற எங்க சார் விடுவீங்க? நிஜ ஊர்ல மதில் கட்டினா ஒரு காரணம் சொல்வீங்க. திருடன் வர்றான், வெள்ளம் வருது, பக்கத்து ஊர்க்காரன் வர்றான்னு. இங்க யார் சார் வர்றாங்க? இந்த ஊர்ல ஒரு ஆள் நடக்கணும்னாக்கூட நான் செஞ்சு நிறுத்தணும். திருடனும் நான் செஞ்சாத்தான் வருவான். நான் செய்யல."

பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. நானே ஒட்டிக்கறேன். நீ வேற இடம் பார்த்துக்கோ" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அக்கா தன் சொந்தக் கட்டரையும் எஃகு ஸ்கேலையும் இடுக்கிகளையும் பையில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று அழுதாள். பத்தொன்பது வயதில் போய் உட்கார்ந்த மேசை. அழுதுகொண்டே, "செஞ்சது சரிதான்" என்றாள். அத்தான், "யாரு இல்லைன்னா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

7

முதலாளி மதிலை ஒட்டினாரா?

எனக்குத் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

இந்தக் கதையைக் கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியர் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில், "என்ன சார் இது, கடைசியில கையை விரிச்சிட்டீங்க? வாசகன் எங்க நிறுத்தறதுன்னு தெரியாம நிப்பானே" என்றார். நிற்கட்டும். ஒட்டிவிட்டார் என்று எழுதினால் நீங்கள் உச்சுக் கொட்டிவிட்டு, உலகம் இப்படித்தான் என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். ஒட்டவில்லை, மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் கண் கலங்கிவிட்டு, நல்லவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். இரண்டிலும் விஷயம் அந்தக் கிழவரின் கையில் போய் முடிந்துவிடுகிறது. நான் எழுத வந்தது அவர் கையைப் பற்றி இல்லை. முடிவு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உங்கள் பசையைக் கொண்டுவந்து நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். என் கையால் ஒட்ட மாட்டேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று.

அழுது முடித்த மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அக்கா கடைக்குப் போய் அட்டையும் ஒரு பலகையும் வாங்கி வந்தாள். சாப்பாட்டு மேசையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன செய்கிறாள் என்று முதலில் புரியவில்லை. பாதிப் படிக்கட்டு செய்தாள், பாதிக் கட்டில் செய்தாள். அருங்காட்சியகத்துக்குப் போன பலகையின் ஓரத்தில் அறுத்து நிறுத்தியிருந்த வீடுகளின் மறுபாதி! அதை முடித்ததும் அதற்குப் பின்னால் உள்ள வீடு. பிறகு ஒரு கிணறு. பிறகு ஈர நூல். எல்லாக் கதவும் திறந்த கதவு. மதில் ஒட்டியிருந்தால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன, ஊர் அதற்கு வெளியே வந்துவிட்டது.

சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டது. அத்தான் இப்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். "என் வீட்ல எனக்கு உக்கார இடமில்ல, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்கிறார். தொலைக்காட்சிப் பெட்டியை எடுத்துவிட்டு அங்கே ஒரு பலகை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பலகை. மதில் செய்த அந்தப் பெண் விடுமுறை நாட்களில் வந்து வீடு செய்கிறாள். கல் கீறுகிற கை அல்லவா, கிணற்றுச் சுவர்கள் அவள் பொறுப்பு.

இன்று காலை, இந்த ஏழாவது பகுதியை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு புதுப் பலகையோடு என் அறைக்குள் வந்தாள்.

"தள்ளு."

"எழுதிட்டிருக்கேன்க்கா."

"முடிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்ப தள்ளு."

கணினியையும் காகிதங்களையும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பலகையை என் மேசையில் வைத்து, சுவரோரமாக இருந்த மேசையை இடுப்பால் இடித்து அறையின் நடுவுக்கு நகர்த்தினாள். பலகையின் நாலு ஓரத்திலும் பாதி வீடுகள். இதன் மறுபாதிகளை எங்கே வைப்பது என்று கேட்டேன். வீட்டில் இனி மேசை இல்லை.

"அதான் யோசிச்சிட்டிருக்கேன். உன் கதையைப் படிக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

"கொஞ்சம் பேர்."

"அவங்க வீட்ல மேசை இருக்குமா?"

"இருக்கும்."

"கேளு. பெரிய மேசை வேண்டாம். ஒரு கிணறும் சுத்தி நாலு வீடும் உக்கார்ற அளவு போதும்னு சொல்லு. சுவரை ஒட்டிப் போட்டிருந்தா இழுத்து நடுவுல போடச் சொல்லு. நாலு பக்கமும் தெரு போகணும்."

சொல்லிவிட்டேன். மேசை மேல் இப்போது என்ன வைத்திருக்கிறீர்களோ, அதைக் கொஞ்சம் தள்ளுங்கள்.